பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும்: பொருத்துவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால், உற்பத்தி நின்று பல ஆண்டுகளான கார்களைப் பார்க்கலாம். மெருகேற்றிய மாருதி எஸ்டீம், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், அத்தி பூத்தாற்போல் கோவாவில் கட்டப்பட்ட சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஓட்டி வந்தவர்கள் டீ குடித்தபடி பேசும் பேச்சில் இரண்டு பெயர்கள் தவறாமல் அடிபடும். ஒன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்). மற்றொன்று, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் ஏற்பாடு. "ஏபிஎஸ் போட்டுட்டா மழையில கூட பயமில்லாம இறங்கலாம்ணா" என்பார் ஒருவர். "டிராக்‌ஷன் கன்ட்ரோல் மாட்டிட்டா வண்டி வாலாட்டவே ஆட்டாது" என்பார் மற்றொருவர்.

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், அது ஏதோ ஒரு பெட்டி என்றும், அந்தப் பெட்டியை வாங்கிப் பழைய வண்டியில் மாட்டினால் புது வண்டியின் பாதுகாப்பு வந்துவிடும் என்றும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் ஏபிஎஸ் என்பது அளப்பது, முடிவெடுப்பது, பிரேக்கைத் தளர்த்துவது என்ற மூன்று வேலைகள் இடைவிடாமல் சுற்றிச் சுற்றி நடக்கும் ஓர் ஏற்பாடு. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், மூன்றும் இருந்து அவை அந்தக் குறிப்பிட்ட காருக்குப் பொருந்தாவிட்டாலும், மாட்டிய பெட்டி பெயரளவுக்கே ஏபிஎஸ். எதனால் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

வீட்டில் இரும்பு பீரோவை இடம் மாற்றியவர்களுக்கு ஒன்று தெரியும். முதலில் அது அசையவே அசையாது. நான்கு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். ஒருமுறை நகர ஆரம்பித்துவிட்டால் இரண்டு பேரே தள்ளிக்கொண்டு போய்விடலாம். நின்ற நிலையில் பீரோவின் கால்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்த அளவு, வழுக்கி நகரும்போது இருப்பதில்லை என்பதே இதன் காரணம். இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பீரோ முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சிறுவன் லேசாகத் தள்ளினாலும் அது அந்தப் பக்கம் திரும்பிவிடும். நகரத் தொடங்கிய பொருளின் உராய்வு முழுவதும் அது போகும் திசைக்கு எதிராகவே வேலை செய்கிறது. பக்கவாட்டில் தடுத்து நிறுத்த மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

கார் டயரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் ரப்பர் அந்தக் கணத்தில் தரையோடு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதனால் அதற்குப் பிடிப்பு உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியும் திரும்பும். பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால், அதாவது நம் மெக்கானிக்குகள் சொல்வதுபோல் 'லாக்' ஆகிவிட்டால், டயர் நகரும் பீரோவின் நிலைக்கு வந்துவிடுகிறது. நிறுத்தும் ஆற்றல் சற்றுக் குறைகிறது. திருப்பும் ஆற்றலோ முற்றாகப் போய்விடுகிறது. மழையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்த கார், ஸ்டியரிங் முழுவதும் திரும்பியிருந்தும் நேராகத் தடுப்புச் சுவரை நோக்கிப் போவது இதனால்தான்.

டயர் பீரோவிலிருந்து வேறுபடும் இடமும் ஒன்று உண்டு. ரப்பர் நெகிழக்கூடியது என்பதால், அது மிகச் சிறிதளவு வழுக்கும்போதுதான் உச்சப் பிடிப்பைத் தருகிறது. வண்டி நகரும் வேகத்துக்கும் சக்கரம் சுழலும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சறுக்கல் விகிதம் என்கிறார்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் காரின் சக்கரம், பிரேக் பிடித்ததால் 45 கி.மீ. வேகத்துக்கு உரிய அளவே சுழன்றால் சறுக்கல் விகிதம் 10 சதவீதம். சுழற்சி அடியோடு நின்றுவிட்டால் 100 சதவீதம். தார்ச்சாலையில் பெரும்பாலான டயர்கள் 10 முதல் 20 சதவீதச் சறுக்கலில் உச்சப் பிடிப்பைத் தருகின்றன. அந்த உச்சத்தைத் தாண்டினால், கண் இமைக்கும் நேரத்தில் சக்கரம் 100 சதவீதத்துக்குப் போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், பிடிப்பைத் தருவது டயரும் சாலையும் மட்டுமே. எந்த மின்னணுக் கருவியும் அதைக் கூட்டித் தருவதில்லை; இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் அந்த உச்சத்தின் அருகிலேயே சக்கரத்தை வைத்திருப்பதுதான் கருவியின் வேலை.

ஏபிஎஸ் உள்ளே நடப்பது

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும், அதாவது சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியிலும், பல் வெட்டிய ஒரு வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் அருகே அசையாமல் பொருத்தப்பட்ட சென்சார், ஒவ்வொரு பல்லும் தன்னைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பை அனுப்பும். துடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றனவோ அவ்வளவு வேகமாகச் சக்கரம் சுழல்கிறது என்று பொருள். இது அளக்கும் பகுதி.

அந்தத் துடிப்புகளைப் படிக்கும் சிறு கணினிக்கு இசியு என்று பெயர். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு, வண்டியின் உண்மையான வேகம் இவ்வளவு இருக்கும் என்று அது கணிக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென வேகம் இழந்தால், அது லாக் ஆகப்போகிறது என்று முடிவெடுக்கிறது.

மூன்றாவது பகுதி மாடுலேட்டர். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய்கள் அனைத்தும் இந்த அலுமினியக் கட்டியின் வழியாகவே போகின்றன. அதன் உள்ளே ஒவ்வொரு சக்கரத்துக்கும் மின்சாரத்தால் இயங்கும் இரண்டு வால்வுகள் உண்டு. முதலாவது, சக்கரத்துக்குப் போகும் வழியை மூடி அழுத்தம் மேலும் ஏறாமல் நிறுத்தும். இரண்டாவது, சக்கரத்தில் ஏற்கெனவே உள்ள அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும். வெளியேறிய பிரேக் ஆயிலை ஒரு சிறு மோட்டார் பம்ப் திரும்ப மாஸ்டர் சிலிண்டர் பக்கமே தள்ளுகிறது. சக்கரம் மறுபடி சுழல ஆரம்பித்ததும் முதல் வால்வு திறந்து அழுத்தம் ஏறுகிறது. நிறுத்து, தளர்த்து, ஏற்று என்ற இந்தச் சுழற்சி நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலுமோ நடக்கும். அப்போது பெடல் காலடியில் படபடவென்று அதிர்வது பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளுவதால்தான். பிரேக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் காலை எடுத்துவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது.

இந்த எண்ணம் புதியது அல்ல. விமானச் சக்கரங்களுக்காக உருவான மாக்ஸரெட் என்ற இயந்திர ஏற்பாடு 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் வந்தது. இன்று நாம் அறிந்த, நான்கு சக்கரங்களுக்கும் செயல்படும் மின்னணு ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் கொண்டுவந்தது. ஆனால் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் அது வர வெகுநாள் ஆயிற்று. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் காரில்கூட ஏபிஎஸ் கிடையாது. இப்படிப்பட்ட கார்களை வைத்திருப்பவர்கள்தான் உலகெங்கும் பின்னாளில் பொருத்தும் வழியைத் தேடுகிறார்கள்.

ஏபிஎஸ் என்ற பெயரில் விற்பவை

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 'ஏபிஎஸ்' என்று அச்சிட்ட சிறிய உலோகத் துண்டுகள் கிடைக்கின்றன. பைக்குக்கு விற்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடிக்கும் கேலிபரின் போல்ட் இருக்கும் இடத்தில் திருகிக்கொள்ளும் வடிவில் இருக்கும். காருக்கு விற்பது பிரேக் குழாயின் நடுவே பொருத்தும் சிறு உருளை. இரண்டின் உள்ளேயும் ஒரு ரப்பர் சவ்வோ சுருளோ இருக்கும். பெடலை மிதிக்கும்போது எழும் அழுத்தத்தின் ஒரு பங்கை அது விழுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்த உருளைக்குச் சக்கரம் சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாது. தெரிந்துகொள்ள அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இதே வகைக் கருவிகளை ஏபிஎஸ் என்று விளம்பரம் செய்து விற்ற நிறுவனங்கள்மீது அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-களில் நடவடிக்கை எடுத்து, அப்படி விளம்பரப்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. இங்கே அவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. என் கருத்தில் இவை பயனற்றவை மட்டுமல்ல, தீங்கானவையும்கூட: பெடல் பஞ்சுபோல் அமிழ்வதால், லாக் ஆகும் எல்லை எங்கே என்று பழகிய கால் அறிந்துவைத்திருந்த உணர்வும் போய்விடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இந்தக் கருவிக்குச் சக்கர வேக சென்சார் எங்கே? பதில் இல்லையென்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

உண்மையான ஏபிஎஸ்ஸைப் பழைய காரில் பொருத்துவது

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பந்தயக் கார்களுக்கென்று பாஷ் போன்ற நிறுவனங்கள் தனியாக விற்கும் முழுத் தொகுப்பை வாங்குவது. இதில் காரின் அளவுகளைக் கணினியில் பதிவு செய்யலாம். சாலையின் தன்மைக்கு ஏற்பச் செயல்பாட்டை மாற்றும் திருகு சுவிட்சும் இருக்கும். விலையோ, நம் ஊரில் ஓடும் பல பழைய கார்களின் மதிப்பைவிட அதிகம். மற்றொன்று, வேறொரு புதிய காரிலிருந்து கழற்றிய ஏபிஎஸ் அமைப்பைக் கொண்டுவந்து மாட்டுவது. பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரில் வந்த எம்கே60 என்ற மாடுலேட்டரை இவ்வாறு பயன்படுத்துவது வெளிநாட்டு ஆர்வலர்களிடையே பெயர்பெற்ற வழி.

இரண்டாவது வழி மலிவு. அதில்தான் சிக்கல்களும் மறைந்திருக்கின்றன.

முதல் சிக்கல் சென்சாரும் பல் வளையமும். ஏபிஎஸ் இல்லாமல் வந்த காரின் ஹப்பில் பல் வளையம் இருக்காது. ஒன்றை லேத்தில் கடைந்து, ஹப்பில் இறுக்கி ஏற்ற வேண்டும். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை என்பதால் வளையம் செய்வது எளிது. அதை மையம் விலகாமல் உட்கார வைப்பதே கடினம். ஒரு பக்கம் இம்மியளவு துருத்திக்கொண்டிருந்தாலும், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறையும். சக்கரம் சீராகச் சுழன்றாலும், சுற்றுக்கு ஒருமுறை அது தடுமாறுவதாக இசியு நினைத்துக்கொள்ளும். அந்த இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்க வேண்டும்.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் கழற்றி வைத்திருந்த சென்சாரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் முனையில் கருந்தூள் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வார்ப்பிரும்பு டிஸ்க்கில் பேட் உராயும்போது உதிரும் இரும்புத் தூள் அது. "உள்ள காந்தம் இருக்குதுங்க, கண்டதையும் இழுத்து வெச்சிக்கும்" என்றபடி மெக்கானிக் துணியால் அதை வழித்துவிட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைப் பல்லுக்கும் முனைக்கும் இடையே நுழைத்து, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வரும்வரை சென்சாரை நகர்த்தினார். பிறகு சக்கரத்தைக் கால்சுற்று திருப்பி மறுபடி அளந்தார், மறுபடி திருப்பினார். பழைய காருக்கு ஏபிஎஸ் பொருத்தும் வேலையில் பெரும்பகுதி இதுதான். பேரிங்கில் தேய்மானம் இருந்தால் இந்த அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதால், பேரிங்கை மாற்றாமல் சென்சாரைத் தொடுவதில் பயனில்லை.

அடுத்து, பற்களின் எண்ணிக்கை. முன்சக்கரத்தில் 48 பல்லும் பின்சக்கரத்தில் 44 பல்லும் உள்ள வளையங்களைப் பொருத்தி, நான்கிலும் 48 பல் இருப்பதாக எதிர்பார்க்கும் இசியுவை மாட்டினால், பின்சக்கரங்கள் எப்போதும் 8 சதவீதத்துக்கு மேல் மெதுவாகச் சுழல்வதாகவே அதற்குத் தோன்றும். நேராகப் போகும்போதே சறுக்கல் நடக்கிறது என்று முடிவுகட்டி, ஒன்று எச்சரிக்கை விளக்கை எரியவிடும், அல்லது தேவையில்லாத நேரத்தில் பின்பிரேக்கைத் தளர்த்தும். முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்களைப் போட்டாலும் இதே கதிதான்.

பிரேக் குழாய்களின் அமைப்பும் ஒத்துப்போக வேண்டும். பாதுகாப்புக்காகக் கார்களின் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சில கார்களில் முன்சக்கரங்கள் ஒரு சுற்று, பின்சக்கரங்கள் மற்றொரு சுற்று. வேறு சிலவற்றில் குறுக்குப் பிரிப்பு, அதாவது முன்-இடதும் பின்-வலதும் ஒரு சுற்று. கழற்றி வந்த மாடுலேட்டர் எந்தப் பிரிப்புக்காகச் செய்யப்பட்டதோ அதே பிரிப்பு நம் காரிலும் இருந்தாக வேண்டும். மிகப் பழைய கார்களில் பிரிப்பே இல்லாத ஒற்றைச் சுற்று இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதே முதல் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இசியுவின் உள்ளே எழுதப்பட்ட அளவுத் திருத்தம். எவ்வளவு எடை, முன்-பின் அச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், டிஸ்க் எவ்வளவு பெரியது, டயர் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கும் என்பவற்றையெல்லாம் வைத்து, எப்போது தளர்த்த வேண்டும், எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதைக் கார் நிறுவனம் பல காலம் சோதித்து முடிவு செய்கிறது. எம்3 காரின் எடை ஏறக்குறைய 1,500 கிலோ. முதல் எலிஸின் எடை அதில் பாதி அளவுதான். கனமான காருக்குப் பழகிய இசியு, இலேசான காரின் சக்கரம் சட்டென்று வேகம் இழப்பதைப் பார்த்துத் தேவைக்கு அதிகமாகப் பிரேக்கைத் தளர்த்திவிடக்கூடும். எடையிலும் டயர் அளவிலும் நம் காருக்கு நெருங்கிய காரிலிருந்து அமைப்பை எடுக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான். நம் காரின் மாதிரியிலேயே உயர்வகையில் நிறுவனமே ஏபிஎஸ் கொடுத்திருந்தால், அந்த ஹப், சென்சார், மாடுலேட்டர், இசியு, வயரிங் அனைத்தையும் ஒரே காரிலிருந்து மொத்தமாக எடுத்து மாற்றுவதே நான் பரிந்துரைக்கும் ஒரே எளிய வழி.

மின்சாரம், பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தல் பற்றி இரண்டொரு சொல் போதும். பம்ப் மோட்டாருக்கு 30 முதல் 40 ஆம்பியர் ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து நேரடித் தடிமனான வயர் வேண்டும். பழைய வயரிங்கில் எங்காவது முறுக்கிவிடுவது கூடாது. மாடுலேட்டரின் உள்ளே சிக்கிய காற்று வழக்கம்போல் பெடலை மிதித்து எடுத்தால் முழுதாக வராது. ஸ்கேனர் கருவியால் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: சென்சார் சரியாக அளக்க வேண்டும், இசியு இந்தக் காரை அறிந்து முடிவெடுக்க வேண்டும், மாடுலேட்டர் இந்தக் காரின் குழாய் அமைப்போடு ஒத்துப்போக வேண்டும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல்: ஆக்ஸிலரேட்டர் பக்கத்துச் சறுக்கல்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வண்டியைவிட மெதுவாகச் சுழல்வது ஒரு வகைச் சறுக்கல் என்றால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டியைவிட வேகமாகச் சுழல்வது மறு வகை. பின்சக்கர இழுவை கொண்ட காரில் வளைவின் நடுவே இது நடந்தால், பின்சக்கரங்கள் பக்கவாட்டுப் பிடிப்பை இழந்து வண்டியின் பின்பகுதி வெளியே வீசும். அதையே வாலாட்டுவது என்கிறார்கள். இந்தச் சுழற்சியைக் கண்டறிந்து கட்டுப்படுத்துவதே டிராக்‌ஷன் கன்ட்ரோல்.

கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: வீணாகச் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுவது, அல்லது எஞ்சினின் விசையைக் குறைப்பது. முதல் வழிக்கு, டிரைவர் பெடலைத் தொடாமலே அழுத்தத்தை உருவாக்கக்கூடிய மாடுலேட்டர் தேவை; எல்லா ஏபிஎஸ் மாடுலேட்டராலும் அது முடியாது. அதனால் பின்னாளில் பொருத்தும் கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வழியையே நாடுகின்றன. சக்கர வேகங்களைப் படித்து, சில கணங்களுக்கு ஒன்றிரண்டு சிலிண்டர்களுக்குப் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்துகின்றன. இன்ஜெக்டர் உள்ள எஞ்சினில் பெட்ரோலை நிறுத்துவது சுத்தமான வழி. கார்புரேட்டர் வண்டியில் ஸ்பார்க்கை மட்டுமே நிறுத்த முடியும். அப்போது எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய் வெடிச்சத்தம் எழும். சிலருக்கு அந்தச் சத்தமே பிடித்துப்போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

சறுக்கலைக் கண்டுபிடிப்பது சொல்வதுபோல் எளிதல்ல என்பதற்கு ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளே சான்று. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலமுள்ள கார் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வெளிச் சக்கரம் 10.7 மீட்டர் ஆரத்திலும் உட்சக்கரம் 9.3 மீட்டர் ஆரத்திலும் போகும். எந்தச் சறுக்கலும் இல்லாமலே வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 15 சதவீதம் வேகமாகச் சுழலும். ஏதாவது இரண்டு சக்கரங்களை மட்டும் ஒப்பிட்டு, 10 சதவீத வேறுபாடு வந்தால் எஞ்சினை அடக்கு என்று அமைத்த கருவி, ஒவ்வொரு வளைவிலும் ஏறும் வண்டியின் மூச்சைப் பிடித்துவிடும். அதனால் நல்ல கருவிகள் இரண்டு முன்சக்கரங்களின் சராசரியை இரண்டு பின்சக்கரங்களின் சராசரியோடு ஒப்பிடுகின்றன. அப்படிச் செய்தால் இதே வளைவில் இயல்பான வேறுபாடு மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சில கருவிகள் வளைவின் கூர்மையைக் கணித்து அனுமதிக்கும் சறுக்கலின் அளவையும் மாற்றிக்கொள்கின்றன. ஒரு முன்சக்கரத்தில் மட்டும் சென்சார் வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் நேர்ச்சாலையில் ஓட்டுபவராக இருக்க வேண்டும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னதான ஈஎஸ்பி, வண்டி திரும்பும் வேகத்தை அளக்கும் தனிச் சென்சாரையும் ஸ்டியரிங் கோணத்தையும் ஒப்பிட்டு, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கும். வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்ட காரை டிராக்‌ஷன் கன்ட்ரோலால் காப்பாற்ற முடியாது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாதபோது அதற்கு வேலையே இல்லை.

மலைச்சாலையில் இவை எட்டாத இடங்கள்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் சேலம் நகரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. 1,000 கிலோ எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 37 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்காவிட்டால் அத்தனையும் பிரேக்குக்கே வந்து சேரும். பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழியிட்டால் பெடல் தரைவரை போய்விடும். டாட் 3 என்ற தரவகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. சக்கரத்துக்கு அழுத்தமே போய்ச் சேராதபோது, அழுத்தத்தைத் தளர்த்தும் ஏபிஎஸ்ஸால் என்ன செய்ய முடியும்? இரண்டாம் கியரில் இறங்குவதும் ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றுவதும்தான் அதற்கு மருந்து.

சரளைக்கல்லும் மணலும் சிதறிய இடங்களில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைச் சற்று நீட்டவே செய்யலாம். லாக் ஆன சக்கரம் தனக்கு முன் சரளையைக் குவித்து அதையே தடையாக்கிக்கொள்ளும். உருளும் சக்கரம் அப்படிக் குவிப்பதில்லை. திருப்பும் ஆற்றல் மிஞ்சுகிறது என்பதுதான் அங்கே கிடைக்கும் ஆதாயம்.

பிறகு டயர். ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், 8 சதவீதச் சரிவில் இறங்கும் கார், ஈரச்சாலையில். நல்ல டயரின் உராய்வுக் கெழுவை, அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகிறது என்ற எண்ணை, 0.5 என்று எடுத்துக்கொண்டால் பிரேக் பிடித்தபின் நிற்க 15 மீட்டர் ஆகும். அதே டயர் லாக் ஆகி எண் 0.4-க்கு இறங்கினால் ஏறக்குறைய 20 மீட்டர். ஏபிஎஸ் மிச்சப்படுத்துவது இந்த 5 மீட்டர். ஆனால் டயரே காய்ந்து இறுகி 0.35 மட்டுமே தரும் நிலையில் இருந்தால், ஏபிஎஸ் பிசகின்றி வேலை செய்தும் 23 மீட்டர் ஆகிவிடும். வாரக்கடைசியில் மட்டும் வெளியே வரும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகள், பளபளப்பாக இருக்கிறது என்று அந்த டயரை வைத்துக்கொண்டு ஏபிஎஸ்ஸுக்குச் செலவழிப்பது எனக்குப் புரியாத கணக்கு. டயர், ஷாக் அப்சார்பர், பேட், ஆயில் ஆகியவை சரியான பிறகே மின்னணுவுக்கு முறை வரும்.

பொருத்திய பிறகு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பிரேக் அமைப்பில் கைவைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது; விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

சோதனையை மலையில் தொடங்கக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் தண்ணீர் தெளித்து, 20 கி.மீ. வேகத்திலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வெளியே நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன் பின்சக்கரங்கள் நின்றால் அந்த வண்டி மலையேறத் தகுதியானது அல்ல. வண்டி நிற்கப்போகும் தறுவாயில், நடை வேகத்தில், சக்கரம் லாக் ஆவது இயல்பு. அந்த வேகத்தில் ஏபிஎஸ் தானாக விலகிக்கொள்ளும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது.

எச்சரிக்கை விளக்கை டேஷ்போர்டில் கண்ணில் படும்படி வைப்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பழைய டேஷ்போர்டின் அழகு கெட்டுவிடும் என்பது காரணம். விளக்கு இல்லாத ஏபிஎஸ்ஸை ஏற்கவே கூடாது. மாடுலேட்டரில் உள்ள முதல் வால்வு, மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும்படி செய்யப்பட்டது. அதனால் ஃபியூஸ் போனாலும் சென்சார் அறுந்தாலும், இசியு ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு விளக்கை எரியவிடும். பிரேக் பழையபடி சாதாரணப் பிரேக்காக வேலை செய்யும். இறங்கும் வழியில் அந்த விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டித் தள்ள வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, ஏபிஎஸ் வருவதற்கு முன் அந்தக் காரை எப்படி ஓட்டினோமோ அப்படியே, லாக் ஆகாதபடி காலை அளந்து மிதித்து இறங்கலாம்.